கடல்நீரின் அடர்த்தியை ஆழம்தோறும் கணக்கிடுவது எப்படி

கடலில் அடர்த்தி வேண்டும் என்றால் வழக்கமாக யாரும் அடர்த்தியை அளப்பதில்லை. நீரின் மின்கடத்துத்திறன், வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றையும் அளந்து, அவற்றிலிருந்து முதலில் உப்புத்தன்மையையும் பிறகு அடர்த்தியையும் கணக்கிடுகிறோம். முதல் அளவீட்டில் புகுந்த சிறு பிழை கடைசி விடைவரை கூடவே வரும். அதனால் சூத்திரத்தைத் தெரிந்துகொள்வதோடு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை நுழையும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

திறந்த கடலின் மேற்பரப்பு நீர் பெரும்பாலும் கனமீட்டருக்கு 1020 முதல் 1028 கிலோவுக்குள் அடங்கிவிடும். முன்னால் நிற்கும் ஆயிரம் மாறுவதே இல்லை என்பதால் அதைக் கழித்துவிட்டு எழுதுவது கடலியலார் வழக்கம். 1025.97 என்பது 25.97 ஆகும், இதற்குச் சிக்மா என்று பெயர். இந்தக் கட்டுரையில் சிக்மா என்று வரும் எண்கள் எல்லாம் இப்படி ஆயிரம் கழித்தவை. ஆழ்கடலில் இரண்டு நீர்த்திரள்களைப் பிரித்துக்காட்டும் வேறுபாடு பல சமயம் சிக்மாவின் இரண்டாம் தசம இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே உப்புத்தன்மை 0.005-க்குள் சரியாக இல்லாவிட்டால் ஆழ்கடல் கணக்கில் இறங்கிப் பயனில்லை. மேலடுக்கு மட்டும் போதும் என்றால் 0.02 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வெப்பத்துக்கும் உப்புக்கும் எவ்வளவு பலம்

"குளிர்ந்தால் கனக்கும், உப்பு ஏறினால் கனக்கும்" என்பதோடு பாடநூல்கள் நிறுத்திவிடுகின்றன. எந்த வெப்பநிலையில் எது எவ்வளவு கனக்க வைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உப்புத்தன்மை 35 என்று வைத்துக்கொண்டு, மேற்பரப்பு அழுத்தத்தில் கணக்கிட்டால்:

25 டிகிரியில் சிக்மா 23.34
15 டிகிரியில் 25.97
5 டிகிரியில் 27.68
0 டிகிரியில் 28.11

முதல் பத்து டிகிரி இறக்கத்துக்கு 2.63 கூடியது, அடுத்த பத்துக்கு 1.70 மட்டுமே. 25 டிகிரி அருகில் ஒரு டிகிரிக்கு 0.30 கிலோ மாறுகிறது. 5 டிகிரியில் அது 0.12, 0 டிகிரியில் 0.05 தான். குளிரக் குளிர வெப்பத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. உப்போ எங்கும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு நிற்கிறது: உப்புத்தன்மை ஓர் அலகு கூடினால் 25 டிகிரியில் 0.76 கிலோ, 0 டிகிரியில் 0.81 கிலோ.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பமண்டலக் கடலில் ஓர் அலகு உப்பு 2.5 டிகிரிக்குச் சமம். 5 டிகிரி நீரில் ஏறக்குறைய 7 டிகிரிக்குச் சமம். துருவக் கடலில் 15 டிகிரிக்குச் சமம். துருவக் கடல்களில் எந்த நீர் மேலே நிற்கும், எது மூழ்கும் என்பதை உப்பு தீர்மானிப்பதற்கு இதுவே காரணம். அங்கே பனி உருகி மேலே நன்னீர் படர்ந்தால், அந்த நீர் உறைநிலைவரை குளிர்ந்தாலும் அடியிலுள்ள உப்பான இளஞ்சூட்டு நீரைத் தாண்டி மூழ்காது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். 4 டிகிரியில் நீர் அதிகபட்ச அடர்த்தியை எட்டும் என்பது நன்னீருக்கு மட்டுமே பொருந்தும். உப்புத்தன்மை 24.7-ஐத் தாண்டினால் அந்த உச்சம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீர் −1.92 டிகிரியில் உறையும்வரை தொடர்ந்து கனத்துக்கொண்டே போகும்.

மேற்பரப்பு அழுத்தத்தில் கணக்கு

யுனெஸ்கோ ஏற்ற 1980-ஆம் ஆண்டின் நிலைச் சமன்பாட்டை ஒரு விரிதாளிலேயே எழுதிவிடலாம். வெ என்பது டிகிரி செல்சியஸில் வெப்பநிலை, உ என்பது நடைமுறை உப்புத்தன்மை, அதாவது கடத்துதிறனிலிருந்து கணக்கிடும் அலகில்லாத எண்.

தூயநீர் = 999.842594 + 6.793952×10⁻² வெ − 9.095290×10⁻³ வெ² + 1.001685×10⁻⁴ வெ³ − 1.120083×10⁻⁶ வெ⁴ + 6.536332×10⁻⁹ வெ⁵

அ = 0.824493 − 4.0899×10⁻³ வெ + 7.6438×10⁻⁵ வெ² − 8.2467×10⁻⁷ வெ³ + 5.3875×10⁻⁹ வெ⁴

ஆ = −5.72466×10⁻³ + 1.0227×10⁻⁴ வெ − 1.6546×10⁻⁶ வெ²

இ = 4.8314×10⁻⁴

அடர்த்தி = தூயநீர் + (அ × உ) + (ஆ × உ × √உ) + (இ × உ²)

வெ = 25, உ = 35 என்று போட்டுச் சரிபாருங்கள். தூயநீர் 997.04796. அ × உ = 26.5734. ஆ உறுப்பு −0.8701. இ உறுப்பு 0.5918. கூட்டினால் 1023.343. வெ = 5, உ = 35 என்றால் 1027.675 வர வேண்டும். இவ்விரண்டும் வராத விரிதாளை நம்பாதீர்கள். பெரும்பாலும் அடுக்குக்குறி ஒன்றோ குறை அடையாளம் ஒன்றோ தவறியிருக்கும். எண்களை இடையில் சுருக்கவும் கூடாது. ஐந்தாம் அடுக்கு உறுப்பின் குணகம் மிகச் சிறியது என்று விட்டுவிட்டால் 25 டிகிரியில் 0.06 கிலோ காணாமல் போகும்.

இந்தச் சமன்பாடு −2 முதல் 40 டிகிரி வரையும், உப்புத்தன்மை 42 வரையும் செல்லும். உப்பளப் பாத்திகளின் நீருக்கோ சாக்கடல் நீருக்கோ இதைப் போடக்கூடாது.

வெப்பநிலை அளவுகோலில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சமன்பாடு 1968-ஆம் ஆண்டு அளவுகோலில் எழுதப்பட்டது. இன்றைய கருவிகள் 1990-ஆம் ஆண்டு அளவுகோலில் காட்டுகின்றன. கருவி காட்டும் எண்ணை 1.00024-ஆல் பெருக்கிவிட்டு உள்ளே போடுங்கள். 25 டிகிரியில் வேறுபாடு 0.006 டிகிரிதான், ஆனாலும் உப்புத்தன்மைக் கணக்கிலும் இதே திருத்தம் வேண்டும் என்பதால் விட்டுவிட முடியாது.

2010 முதல் இதன் இடத்தில் டியோஸ்-10 என்ற புதிய சமன்பாடு வந்துவிட்டது. அது நடைமுறை உப்புத்தன்மைக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை கிராம் என்ற தனி உப்புத்தன்மையைக் கேட்கும். முதல் தோராயமாக நடைமுறை உப்புத்தன்மையை 35.16504/35 என்ற விகிதத்தால் பெருக்கலாம். கூடவே இடத்துக்கு இடம் மாறும் ஒரு சிறு திருத்தமும் உண்டு. சிலிகேட் மிகுந்த வட பசிபிக் ஆழ்நீரில் அந்தத் திருத்தம் பெரியது. டியோஸ்-10-க்கான ஜி.எஸ்.டபிள்யூ. என்ற கணினி நிரல்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது. ஒரே ஓர் எச்சரிக்கை: இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள். தனி உப்புத்தன்மையைப் பழைய சமன்பாட்டில் போட்டால் அடர்த்தி 0.12 கிலோ கூடிவிடும், வரைபடத்தில் எந்தக் கோணலும் தெரியாது. தரவைச் சேமிக்கும்போது நடைமுறை உப்புத்தன்மையையும் அளந்த வெப்பநிலையையும் அப்படியே சேமியுங்கள். மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிடலாம்.

ஆழம் உள்ளே வரும்போது

கடலியலில் அழுத்தத்தை டெசிபாரில் சொல்வார்கள். காற்றழுத்தத்தைக் கழித்த பிறகு ஒரு டெசிபார் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். ஆழம் கூடக் கூட இந்த ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு விலகும்: 30 டிகிரி அட்சரேகையில் 10000 டெசிபார் என்பது 9713 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குள் வேலை என்றால் விலகல் ஒரு சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். அடர்த்திக் கணக்குக்கு ஆழம் தேவையில்லை; அழுத்தத்தையே நேராகப் போடுங்கள்.

அழுத்தத்தில் கடல்நீர் சுருங்கும். மேலடுக்கில் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 4.5 கிலோ கூடும். முழுக் கணக்கு இப்படி:

அடர்த்தி = மேற்பரப்பு அடர்த்தி ÷ (1 − அழுத்தம் ÷ கெ)

கெ என்பது நீர் சுருங்க மறுக்கும் அளவு. அதுவும் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றையும் பொறுத்தது; அதன் சூத்திரத்தை இங்கே தரவில்லை. இங்கே அழுத்தம் டெசிபாரில் அல்ல, பாரில். பத்து மடங்குப் பிழை வருவது இந்த இடத்தில்தான். சரிபார்க்க: உப்புத்தன்மை 35, வெப்பநிலை 5 டிகிரி, அழுத்தம் 1000 பார் என்றால் கெ 25577.5, அடர்த்தி 1069.489. அதே நீர் 25 டிகிரியில் இருந்தால் கெ 27108.9, அடர்த்தி 1062.538.

அந்த இரண்டு எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நீர் 41.8 கிலோ கூடியது, சூடான நீர் 39.2 கிலோதான் கூடியது. குளிர்ந்த நீர் எளிதில் நசுங்குகிறது. மேற்பரப்பில் இரண்டு நீருக்கு இடையே இருந்த அடர்த்தி வேறுபாடு, ஆழத்துக்குப் போனதும் அதே அளவில் இருக்காது. சில சமயம் தலைகீழாகவே மாறிவிடும்.

எந்த ஆழத்தை வைத்து ஒப்பிடுவது

அந்தந்த ஆழத்தில் உள்ளபடி கணக்கிட்ட அடர்த்தியை வரைந்தால் கோடு மேலிருந்து கீழாக ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு அழுத்தத்தால் வந்தது. எந்த நீர் எதற்கு மேல் மிதக்கும் என்பதை அதிலிருந்து படிக்க முடியாது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு நீரையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அதற்கு முதல் படி நிலை வெப்பநிலை. நீர் ஆழத்தில் நசுங்கும்போது வெளியிலிருந்து வெப்பம் வராமலேயே சற்றுச் சூடாகிறது. 5000 மீட்டரில் இந்தச் சூடு அரை டிகிரியைத் தொடும். பசிபிக்கின் மரியானா அகழியில் 4000 மீட்டருக்குக் கீழே வெப்பமானி மெல்ல ஏறுவதும் இதனால்தான். அந்தச் சூட்டைக் கழித்து, நீரை மேலே கொண்டுவந்தால் என்ன வெப்பநிலை இருக்கும் என்று சொல்வதே நிலை வெப்பநிலை. அதை மேலே தந்த மேற்பரப்புச் சமன்பாட்டில் போட்டால் கிடைப்பது சிக்மா-தீட்டா. நிலை வெப்பநிலை கணக்கிடும் நிரலைச் சோதிக்க ஓர் எண்: உப்புத்தன்மை 40, வெப்பநிலை 40, அழுத்தம் 10000 டெசிபார் என்றால் 36.8907 டிகிரி வர வேண்டும்.

ஆயிரம் மீட்டர் வரை சிக்மா-தீட்டா போதும். அதற்குக் கீழே அது ஏமாற்றும். அட்லாண்டிக்கின் தென்பகுதியில் வட அட்லாண்டிக் ஆழ்நீர் மேலேயும் அண்டார்டிக் அடிநீர் அதன் கீழேயும் கிடக்கின்றன. ஆழ்நீருக்கு நிலை வெப்பநிலை 2.5, உப்புத்தன்மை 34.90 என்றும், அடிநீருக்கு 0 டிகிரி, 34.67 என்றும் எடுத்துக் கணக்கிடுங்கள். ஆழ்நீருக்கு 27.850, அடிநீருக்கு 27.840 வரும். மேலே இருக்கும் நீர் கனமானது என்று கணக்குச் சொல்கிறது! இது கருவிப் பிழை இல்லை. குளிர்ந்த அடிநீர் அதிகம் நசுங்கும் என்பதை மேற்பரப்பு அழுத்தத்தில் செய்த கணக்கு பார்க்கவில்லை. இரண்டையும் 4000 டெசிபாருக்குக் கொண்டுபோய்க் கணக்கிட்டால் அடிநீர்தான் கனம் என்பது தெளிவாகத் தெரியும்.

ஆகவே 1000 முதல் 3000 மீட்டர் வரையிலான நீரை ஒப்பிட 2000 டெசிபாரையும், அதற்குக் கீழே 4000 டெசிபாரையும் குறிப்பு அழுத்தமாக எடுங்கள். வரைபடத்தில் எந்த அழுத்தம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 2000 டெசிபாரில் கணக்கிட்ட சிக்மா-2 எண்கள் 37-ஐ ஒட்டியும் 4000 டெசிபாரில் கணக்கிட்ட சிக்மா-4 எண்கள் 46-ஐ ஒட்டியும் இருக்கும். சிக்மா-தீட்டாவோடு ஒரே அச்சில் வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

அளவீடு: சிடிடி கருவி இறக்கும்போது

கணக்கு எவ்வளவு சரியானாலும் அளவீடு சரியில்லாவிட்டால் வீண். கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் ஆழம்தோறும் அளப்பது சிடிடி கருவி. கப்பலிலிருந்து கம்பிவடத்தில் அதை இறக்கும்போது பின்வரும் வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

1. இறக்கும் முன் தளத்தில் வைத்தே அழுத்த உணரியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்த அளவைப் பிறகு கழிக்க வேண்டும்.

2. 10 மீட்டரில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். பம்பு ஓடத் தொடங்கி, கடத்துதிறன் கலத்தில் சிக்கிய காற்றுக்குமிழ்கள் வெளியேற இந்த நேரம் வேண்டும். குமிழ் இருந்தால் கடத்துதிறன் குறைந்து, உப்புத்தன்மை வெகுவாகத் தாழ்ந்து தெரியும்.

3. மேற்பரப்புக்கு ஏற்றிவிட்டு, பிறகு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சீராக இறக்குங்கள். வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கில் பாதி வேகம் நல்லது.

4. அடர்த்திக்கு இறங்கும்போது எடுத்த தரவையே பயன்படுத்துங்கள். ஏறும்போது கருவிச் சட்டமும் குப்பிகளும் கலக்கிவிட்ட நீரில் உணரிகள் பின்னால் வருகின்றன.

5. ஏறும் வழியில் சில ஆழங்களில் நின்று, நீர் அமைதியானதும் நீர்மாதிரி எடுக்கும் நிஸ்கின் குப்பிகளை மூடுங்கள். அந்த நீரை ஆய்வகத்தில் உப்புமானியில், உப்புத்தன்மை துல்லியமாகத் தெரிந்த நியமக் கடல்நீரோடு ஒப்பிட்டால் உணரியின் விலகல் தெரியும். வெப்பநிலையும் உப்புத்தன்மையும் மெல்ல மாறும் ஆழங்களைத் தேர்ந்தெடுங்கள். சரிவு செங்குத்தான இடத்துக் குப்பியால் பயன் இல்லை.

பின்கணக்கில் பெரிய தொல்லை உப்புத்தன்மை ஊசிகள். வெப்பநிலை உணரியும் கடத்துதிறன் உணரியும் ஒரே நீரை ஒரே கணத்தில் அளப்பதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும் என்பதால், இரண்டுக்கும் இடையே 0.01 டிகிரி பிசகினாலே உப்புத்தன்மையில் சுமார் 0.01 பிழை வரும். வெப்பநிலை சரியும் அடுக்கின் விளிம்பில் உப்புத்தன்மைக் கோடு முள்போல் குத்தி நிற்பதைப் பார்த்தால், அது கடலில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஓர் உணரியின் தரவை வினாடியின் சிறு பின்னம் நகர்த்திப் பொருத்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதை ஊசிகள் மிகக் குறையும்வரை முயன்றே கண்டுபிடிக்க வேண்டும். அதன்பின் கலத்தின் சுவர் தேக்கிவைக்கும் வெப்பத்துக்கான திருத்தம். கப்பல் ஆடும்போது கருவி கணநேரம் மேலே போய் வரும் பகுதிகளை நீக்குவது அடுத்தது. கடைசியாக 1 டெசிபார் கட்டங்களாகச் சராசரி. உப்புத்தன்மையும் அடர்த்தியும் இவற்றுக்குப் பிறகே. முதலில் அடர்த்தியைக் கணக்கிட்டு, ஊசிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், பிழை மறையாது; பரவும்.

கடத்துதிறன் அலகையும் கவனியுங்கள். சில கோப்புகளில் மீட்டருக்குச் சீமென்ஸ், சிலவற்றில் சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ். இரண்டும் பத்து மடங்கு வேறு. உப்புத்தன்மை 35, வெப்பநிலை 15 டிகிரி, மேற்பரப்பு அழுத்தம் என்றால் சென்டிமீட்டருக்கு 42.914 மில்லிசீமென்ஸ் என்பது நினைவில் இருந்தால் கோப்பைத் திறந்ததுமே எந்த அலகு என்று புரிந்துவிடும்.

சிடிடி இல்லாதபோது

கல்லூரி ஆய்வகத்தில் அடர்த்திக் குப்பியும் நல்ல தராசும் போதும். 50 மில்லி குப்பியை வெறுமையாக எடை போடுங்கள். காய்ச்சி வடித்த நீர் நிரப்பி 25 டிகிரி நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, துடைத்து, எடை போடுங்கள். அதே வெப்பநிலையில் கடல்நீரை நிரப்பி மீண்டும் போடுங்கள். வடித்த நீர் 49.852 கிராம், கடல்நீர் 51.167 கிராம் என்றால்:

51.167 ÷ 49.852 × 997.048 = 1023.35

காற்றின் மிதப்புக்காக 0.03 கழித்தால் 1023.32. உப்புத்தன்மை 35-க்கு 25 டிகிரியில் 1023.343 என்பதால், குறைவதை 0.756-ஆல் வகுத்தால் உப்புத்தன்மை 34.97. தராசு 0.001 கிராம் காட்டினால் அடர்த்தியில் 0.02 கிலோ துல்லியம் கிடைக்கும், 0.01 கிராம் தராசு என்றால் 0.2 கிலோதான். வெப்பநிலையில் ஒரு டிகிரி தவறினால் 0.3 கிலோ போய்விடும். தராசைவிட வெப்பமானியில்தான் கவனம் வேண்டும்.

குப்பியில் அளந்த அடர்த்தி ஆய்வக வெப்பநிலைக்கு உரியது. அந்த நீர் கடலில் இருந்தபோது இருந்த அடர்த்தி அல்ல. அதனால் குப்பியிலிருந்து உப்புத்தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, நீர் எடுத்த ஆழத்தின் வெப்பநிலையைச் சமன்பாட்டில் போடுங்கள். மாதிரிக் குப்பியை இறுக மூடி வையுங்கள். ஆவியாதல் உப்புத்தன்மையைக் கூட்டிக் காட்டும்.

மிதவை அடர்த்திமானி பயன்படுத்துபவர்கள் அதன் கழுத்தில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியால் ஆனதை 15 டிகிரிக்கு அளவிட்டிருந்து, 25 டிகிரி நீரில் மிதக்கவிட்டால், கண்ணாடி விரிவதால் காட்டும் எண் சுமார் 0.25 கூடுதலாக இருக்கும். குமிழ் ஒட்டாமல் மெல்ல இறக்கி, நீர்ப்பரப்பின் மட்டத்தில் படியுங்கள். தண்டோடு ஏறி நிற்கும் வளைவில் படிக்காதீர்கள்.

வரைபடத்தைப் படிப்பது

அடர்த்தி கிடைத்ததும் முதலில் கலவை அடுக்கின், அதாவது காற்று கலக்கி ஒரே சீராக்கிய மேலடுக்கின் ஆழத்தைக் காணுங்கள். 10 மீட்டரில் உள்ள அடர்த்தியைவிட 0.03 கிலோ கூடும் ஆழம் என்பது பரவலாக உள்ள வரையறை. வெப்பநிலையை மட்டும் வைத்து 0.2 டிகிரி குறையும் ஆழம் என்றும் பார்ப்பதுண்டு. இரண்டும் ஒத்துப்போகாத கடல்கள் இருக்கின்றன. ஆற்றுநீரும் மழைநீரும் மேலே படரும் வங்காள விரிகுடா அதற்குச் சரியான இடம். மேலே 28 டிகிரி, உப்புத்தன்மை 33 என்றால் சிக்மா 20.89. அதன் கீழே அதே 28 டிகிரி, உப்புத்தன்மை 34 என்றால் 21.65. வெப்பமானிக்கு ஒரே அடுக்கு, அடர்த்திக்கு இரண்டு அடுக்கு. இடையில் நிற்கும் பகுதியைத் தடுப்படுக்கு என்பார்கள். காற்று எவ்வளவு கலக்கினாலும் கீழுள்ள குளிர்ந்த நீர் மேலே வராமல் அது தடுக்கிறது. இங்கே வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கலவை ஆழம் சொன்னால் காற்று கலக்கும் ஆழத்தைப் பெரிதாக மிகைப்படுத்திவிடுவோம்.

எதிர்ப்பக்க உதாரணம் மத்தியதரைக் கடல். அங்கே ஆவியாதல் மிகுதி. வெளியேறும் நீர் ஏறக்குறைய 13 டிகிரி, உப்புத்தன்மை 38.4. கணக்கிட்டால் சிக்மா 29.03. 0 டிகிரியில் உள்ள 35 உப்புத்தன்மை நீரைவிடக் கனம். ஆனாலும் ஜிப்ரால்டரைத் தாண்டியதும் அது அட்லாண்டிக்கின் அடிவரை போவதில்லை. சரிவில் இறங்கும்போதே சுற்றியுள்ள நீரைக் கலந்துகொண்டு இலேசாகி, சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் பரவி நிற்கிறது. மூல நீரின் அடர்த்தியை மட்டும் வைத்து அது போய்ச்சேரும் ஆழத்தைச் சொல்ல முடியாது.

அடுக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு, புவியீர்ப்பு முடுக்கத்தை அடர்த்தியால் வகுத்து, ஒரு மீட்டருக்கு அடர்த்தி கூடும் அளவால் பெருக்குங்கள். 10 மீட்டரில் 1 கிலோ கூடினால்: 9.81 ÷ 1025 × 0.1 = 0.00096. அதன் வர்க்கமூலம் வினாடிக்கு 0.031; 2π-ஐ அதனால் வகுத்தால் அலைவு நேரம் 203 வினாடி. மேலே தள்ளிய நீர்த்துளி மூன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை ஏறி இறங்கும் அளவுக்கு அந்த அடுக்கு விறைப்பானது. இங்கே ஆழத்தில் உள்ளபடியான அடர்த்தியைப் போட்டால் அழுத்தத்தின் பங்கும் சேர்ந்து உறுதி மிகையாகத் தெரியும். அருகருகே உள்ள இரு நீரையும் அவற்றின் நடு அழுத்தத்துக்குக் கொண்டுவந்துதான் கழிக்க வேண்டும்.

வெப்பநிலை மட்டும் கீழ்நோக்கிக் கூடுவதைக் கண்டு பதற வேண்டாம். கீழே 2 டிகிரி சூடாக இருந்தால் 0.6 கிலோ குறையும்; ஓர் அலகு உப்பு கூடியிருந்தால் 0.75 கிலோ ஏறும், அடுக்கு உறுதியாகவே நிற்கும். அடர்த்தியே தலைகீழாகத் தெரிந்தால்தான் விசாரணை தேவை. வெப்பநிலை செங்குத்தாகச் சரியும் இடத்தில் மட்டும், ஓரிரு மீட்டர் தடிப்பில் தெரிந்தால் உணரிகளின் நேரப் பொருத்தத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள். 2000 மீட்டருக்குக் கீழே, நூறு மீட்டர் கணக்கில் மெல்ல நீண்டு தெரிந்தால் குறிப்பு அழுத்தத்தை மாற்றிக் கணக்கிடுங்கள். இரட்டை உணரிகள் உள்ள கருவியில் இரண்டும் ஒரே ஆழத்தில் ஒரே அளவில் காட்டி, மேற்சொன்ன இரண்டுக்கும் பிறகும் மறையாமல் நின்றால், அங்கே நீர் உண்மையிலேயே புரண்டுகொண்டிருக்கிறது. அந்தத் தரவை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.